நான்காவது வெர்ஷன்

நஃபுலாவுக்குக் கோபம் வந்தால் எல்டோரெட் ஊரில் பாதிக்குக் கேட்கும்; அன்று பிற்பகல் சத்தமே இல்லை, அதுவே சரியாகப் படவில்லை. முந்தின நாள் மருத்துவமனையில், பச்சிளங்குழந்தை வார்டில் ஒரு பிள்ளை நீலம் பூத்தும் எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. வார்டு மெஷின்களுக்கு நிரல் எழுதுகிறவள் என்று ஊரே அவள் தலையில் பழியைப் போட, ஆறிப்போன டீயின் பால்வாடையும் மழைக்கு முந்தைய புழுதிவாடையும் கலந்த மாடி அறையில் அவள் அந்த மெஷின்களின் டிரைவர் நிரலை வரிவரியாகத் துழாவிக்கொண்டிருந்தாள்.

கிடைத்துவிட்டது. மெஷினின் நெட்வொர்க் கார்டு எந்த வெர்ஷன் என்று கேட்கிற இடத்தில், அவளுக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த மகான் எழுதிவைத்திருந்தார்: மூன்றுக்கு மேல் எது வந்தாலும் மூன்று என்றே கொள்க. புதுக் கார்டு அனுப்பிய எச்சரிக்கை மணிக்குப் புரியாமல் போனது இதனால்தான்.

"இந்த ஆளு கையில மண்வெட்டியக் குடுத்திருக்கணும்!"

முதலாளி கிப்டானுய் மண்டாசி என்ற எண்ணெய்ப் பலகாரத்தை மென்றபடி சொன்னார்: "மூணுக்கு மேல கார்டு கம்பெனி செய்யவே இல்லம்மா."

"அப்புறம் எதுக்கு சார் இந்த வரி?"

அவர் மென்றுகொண்டே எழுந்து போனார். அவருக்குத் திடீரென்று ஏதோ அவசர வேலை.

அந்த வரியை அழித்தாள். கார்டு சொல்வதை அப்படியே காட்டு என்று மாற்றி, வார்டு மெஷின்களுக்கெல்லாம் இங்கிருந்தே அனுப்பினாள். தொட்டிலுக்கு ஒரு மெஷின். திரையில் வரிசையாக வந்தது. மூன்று. மூன்று. மூன்று. பன்னிரண்டாவது: நான்கு.

வார்டுக்குப் போன் போட்டாள். நர்ஸ் ஜெப்டூ எடுத்தாள்.

"சிஸ்டர், பன்னெண்டாவது தொட்டில் வயர உருவுங்க. உடனே!"

"ஏன்டி கத்துற? தொட்டிலே பதினொண்ணுதான்."

திரையில் பன்னிரண்டாவது மூச்சுக்கோடு மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது. பிள்ளை மூச்சு அத்தனை நிதானமாக இருக்காது, பெரியவர் மூச்சும் இருக்காது.

பதினொன்றாவது, மூன்றிலிருந்து நான்கானது.

பத்தாவதும்.

"சிஸ்டர், பிள்ளைங்கள வெளிய தூக்குங்க! யாருக்கும் காது கேக்கலையா?"

"போடி. இப்பத்தான் அழுகையே நின்னுச்சு. பதினொண்ணும் சேந்தாப்புல மூச்சு விடுதுங்க, பாக்கவே அழகா…"

பேச்சு நின்றது. போனில் ஜெப்டூவின் மூச்சு மட்டும். நீளமாக. திரையின் கோடு ஏறும்போது ஏறி. இறங்கும்போது இறங்கி.

"சிஸ்டர்?"

ஒன்பது. எட்டு. ஏழு. எல்லாம் நான்கு.

பன்னிரண்டு கோடுகள். ஒன்றாக ஏறின. ஒன்றாக இறங்கின.

கீழேயே நின்றன.

மணி அடிக்கவில்லை.