பதினைந்து கைகள்

ஞாயிறு, காலை 8.20. நோர்வூட் மஃறூப்பின் கராஜில் தகட்டைக் காணோம் என்று சோலைமலை கத்தினார்.

தீப்பெட்டி அளவுப் பித்தளைத் தகடுதான். ஆனால் அறுபது வருடப் பழைய ஜீப்பின் இலக்கம் அதில்தான் இருந்தது. செசியின் பின் இடது நுனியில், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தின் நுனியில், ஒரே ஒரு திருகாணியில் நின்றது. இந்த வாரம் பரிசோதகர் வந்து இலக்கத்தைப் பார்க்க வேண்டும். தகடு இல்லையென்றால் டயகம சோலைமலை ஒரு வருடமாகப் புதுப்பிக்கும் வண்டி வெறும் பழைய இரும்பு.

கள்ளனைக் கண்டுபிடிக்க மஃறூப்புக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. எல்லோரும் ஓரமாகத் தேநீர் குடித்தபோது செசியைத் துடைத்துக்கொண்டு தனியாக நின்றவன் மெக்கானிக் மாயாண்டி. நேற்று அந்தத் திருகாணியைக் கையால் கழற்றும் அளவுக்குத் தளர்த்தி வைத்தவனும் அவன்தான். எல்லார் முன்னாலும் அவனைக் கள்ளன் என்று சொல்லி, ஒன்பது மணிக்குப் பொலிசைக் கூப்பிடுவதாக மஃறூப் அறிவித்துவிட்டான்.

மாயாண்டி வேலைக்குச் சேர்ந்து பதினொரு நாள்தான். முன்பு வேலை செய்த இடத்தில் ஒரு பேட்டரி தொலைந்து பழி அவன்மேல் விழுந்தது. பேட்டரி பிறகு கிடைத்தது. போன பெயர் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் யாரும் வேலை கொடுக்கவில்லை. இன்றைக்கும் பழி நின்றால் இந்த மலையில் அவன் இனி ஸ்பேனரைத் தொட முடியாது.

8.31. சத்தம் கேட்டுப் பக்கத்து ஸ்பெயார் பார்ட்ஸ் கடையிலிருந்து ரம்லா வந்தாள். மஃறூப்பின் மூத்த சகோதரி. அவளுக்கு இரண்டு விஷயம் ஆகாது: காலையில் கூச்சல், யோசிக்காத பேச்சு. தம்பி இரண்டையும் ஒன்றாகச் செய்துகொண்டிருந்தான்.

"இவன்தான் எடுத்தீக்கான் ராத்தா."

"சரி. எடுத்து எங்க வெச்சான்?"

கேட்டை ஏழரைக்கே தாழிட்டுவிட்டார்கள். யாரும் வெளியே போகவில்லை. முற்றத்தில் இருந்த பத்துப் பேரும் பை, இடுப்பு, சப்பாத்து எல்லாம் உதறிக் காட்டியாயிற்று. மூலை முடுக்கெல்லாம் தேடியும் ஆயிற்று. பன்னிரண்டு அடி மதிலுக்கு மேலால் வீசியிருப்பான் என்றான் மஃறூப். வீசியதைப் பார்த்தாயா என்று ரம்லா கேட்டாள். பார்க்கவில்லை. அப்படியானால் வாயை மூடு என்றாள்.

பிறகு காலையில் நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னாள். ஜீப்பின் மேல்கூட்டைச் செசியிலிருந்து பிரித்திருக்கிறார்கள். கூட்டைத் தூக்க எட்டுப் பேர். சோலைமலையும், அவர் தோட்டத்துக் கோயிலில் சப்பரம் தூக்கும் ஆறு பேரும், சப்பரக்காரர் ஒருவர் காய்ச்சலில் படுத்ததால் அவருக்குப் பதிலாகத் தானே வந்த லிந்துலை தனுஷனும். கூடு உயர்ந்ததும் முன்னால் நின்று செசியைக் கயிறு கட்டி வெளியே இழுத்தது மஃறூப்பும் மாயாண்டியும். பிறகு அவர்கள் இருவரும் நான்கு பீப்பாய்களை அடியில் தள்ள, மேலே மடித்துப் போட்ட சாக்குகளில் எட்டுப் பேரும் கூட்டை இறக்கினார்கள். அதற்குப் பிறகுதான் தேநீர்.

"தூக்குறப்ப ஏதும் தடங்கல்?"

பின்பக்கம் ஒரு தடவை சரிந்தது என்று சோலைமலை சொன்னார். அவருக்கு வயசாகிவிட்டது என்று எல்லோரும் கிண்டல் செய்தார்களாம். மனுஷன் இன்னும் அந்தக் கோபத்தில் இருந்தார்.

8.40. ரம்லா பர்தாவை ஒதுக்கிக்கொண்டு, கையில் போன் வெளிச்சத்தோடு, கூட்டுக்கு அடியில் குனிந்து போனாள். பின் இடது பீப்பாய் அருகே தரையில் ஒரு திருகாணி கிடந்தது. அதை எடுத்துக்கொண்டாள். கூட்டின் விளிம்பையும் சுற்றிப் பார்த்தாள். துருப் பிடித்த போல்ட்டுகள் இளகட்டும் என்று மூன்று நாளாகப் பழைய எஞ்சின் எண்ணெய் பூசியதில் விளிம்பு முழுக்கக் கறுப்புப் பிசுக்கு. பிடித்த இடமெல்லாம் கை அச்சு. நிதானமாக எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள்.

வெளியே வந்து தனுஷனைப் பார்த்தாள். போன வாரம் இதே மொடல் ஜீப்புக்கு ஸ்பிரிங் புஷ் வாங்க அவள் கடைக்கு வந்தவன். இந்தப் பக்கத்தில் அந்த மொடல் சோலைமலையிடம் மட்டும்தான் இருக்கிறது என்று அன்றைக்கு அவள் நினைத்திருந்தாள்.

"தம்பி, எங்க புடிச்சீங்க?"

"பின் இடது மூலைங்க."

"ரெண்டு கையாலயுமா?"

"பின்ன? ஒத்தக் கையால ஜீப்ப தூக்க முடியுமாங்க?"

ரம்லா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்தால் யாருக்கோ கெட்ட நேரம் என்று மஃறூப்புக்குத் தெரியும்.

8.49. கூட்டை மறுபடி ஒரு முழம் தூக்கச் சொன்னாள். எட்டுப் பேரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள். சப்பரத்துக்கு எந்த இடத்தில் தோள் கொடுத்தார்களோ அதே இடத்திலிருந்துதான் இறக்கவும் வேண்டும். அந்த ஆட்கள் ஜீப்புக்கும் அதே வழக்கத்தை வைத்திருந்தார்கள்.

"தனுஷன் தம்பி விலகுங்க. அந்த மூலைக்கு மாயாண்டி வரட்டும்."

எல்லோரும் முணுமுணுத்தார்கள். தனுஷன் மட்டும் மூலையை விட்டு அசையவில்லை. இடம் மாற்றுவது சாமி குத்தம் என்றான். சப்பரம் தூக்கும் ஆறு பேருக்கும் இல்லாத பக்தி, ஒரு நாள் ஆளுக்கு எங்கிருந்து வந்தது என்று ரம்லா கேட்டாள். சோலைமலையே அவனை இழுத்து ஓரமாக நிறுத்தினார்.

கூடு உயர்ந்தது. ரம்லா பின் இடது பீப்பாயின் சாக்கை உருவி உதறினாள். மடிப்பிலிருந்து தகடு விழுந்தது.

"பதினாறு கை அச்சு இருக்கணும். பதினஞ்சுதான் இருக்கு. இந்த மூலையில ஒரே ஒரு கை" என்றாள். கூடு உயர்ந்ததும் எல்லோர் கண்ணும் மேலே இருந்திருக்கிறது. தொடக்கத்திலிருந்தே ஒரு கையால் மட்டும் பிடித்த தனுஷன், அந்த நேரத்தில் மற்றக் கையால் கீழே இருந்த தகட்டைத் திருகி எடுத்திருக்கிறான். மூலை சரிந்தது அதனால்தான். இறக்கும்போது தகட்டைச் சாக்கில் செருகியிருக்கிறான். அதற்குமேல் கூடு உட்கார்ந்துவிட்டது. எவன் தேடினாலும் அகப்படாது. கூட்டைத் திரும்ப ஏற்றும் நாளில் வழக்கப்படி அவனைத்தான் அந்த மூலைக்குக் கூப்பிடுவார்கள். வந்து எடுத்துக்கொள்ளலாம். போன வாரம் எந்த ஜீப்புக்கு ஸ்பிரிங் புஷ் வாங்கினானோ, பத்திரம் இல்லாத அந்த ஜீப்புக்கு ஓர் இலக்கம் கிடைத்துவிடும்.

தனுஷன் தரையைப் பார்த்தான்.

ரம்லா தம்பி பக்கம் திரும்பித் திருகாணியைக் காட்டினாள். "இது செசி இப்ப நிக்கிற எடத்துல விழல்ல. கூட்டுக்கு அடியில விழுந்து கிடந்திச்சு. அப்ப, தூக்குற நேரத்துலதான் களவு போயிருக்கு. அந்த நேரம் மாயாண்டி எங்க நின்டான்?"

மஃறூப் மாயாண்டி பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"ஒனக்குப் பக்கத்துல. ஒரே கயித்த புடிச்சிக்கிட்டு. அவனுக்கு சாட்சியே நீதான்டா."

8.58. மஃறூப் மாயாண்டியைத் தனியாகக் கூப்பிட்டு, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னான். மாயாண்டி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

"கள்ளன்னு எல்லார் முன்னாலயும்தானே சொன்னீங்க முதலாளி. இதையும் எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

மஃறூப் தொண்டையைச் செருமினான். பிறகு, கேட்டுக்கு வெளியே வேடிக்கை பார்த்து நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாகச் சொன்னான். மாயாண்டி முழுவதையும் கேட்டு முடித்தான். ரம்லாவிடம் கை நீட்டித் திருகாணியை வாங்கிக்கொண்டு தகட்டை மாட்டப் போனான்.