தாய்மொழி விசைப்பலகை

நான்கு மணிக்கு மன்னிப்பு மணி அடித்தது. சரவணம்பட்டி அலுவலகத்தில் எல்லோரும் தேநீர்க் கோப்பையும் கையுமாக எழுந்து, காலையிலிருந்து யாருக்கு என்ன எழுதித் தொலைத்தோம் என்ற பட்டியலைப் பார்த்தபடி அவரவர் போகவேண்டிய மேசைக்குப் போனார்கள். தினமும் அரை மணி நேரம். சட்டமே இருக்கிறது.

தையல்நாயகிக்கு அன்று ஏழு மன்னிப்பு. அதில் ஆறு மேலாளர் சென்னியப்பனுக்கு.

"'இந்த மனுசனுக்கு வேற பொழப்பே கெடையாதா'ன்னு போயிருச்சுங்க. மன்னிச்சுக்குங்க."

"பரவால்லீங்க அம்மிணி. 'இந்தப் புள்ளைக்கு ஆமையே தேவலை'ன்னு நானும் எழுதீட்டனுங்க. அதையும் கழிச்சுக்குங்க."

இத்தனைக்கும் காரணம் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஒரு மிளகளவு வில்லை. நினைவெழுதி என்று பெயர். மனதில் உருவாகும் வாக்கியத்தை நாக்குக்குப் போகும் வழியிலேயே பிடித்து எழுத்தாக்கி அனுப்பிவிடும். அது வந்த பிறகு விசைப்பலகை செய்வதையே உலகம் நிறுத்திவிட்டது. அதுவும் ஆயிற்று முப்பது வருடம். இனி பொய்க்கு வேலையில்லை என்று ஆரம்பத்தில் ஊரெல்லாம் கொண்டாடினார்கள். பிறகுதான் ஒன்று தெரிந்தது. மனிதர்கள் மரியாதையோடு நினைப்பதில்லை. தெருநாயைக்கூட 'போங்க' என்று விரட்டுகிற கோயம்புத்தூரில், எழுதிய எந்த மடலிலும் ஒரு 'ங்க' மிஞ்சவில்லை. வாயில் வெல்லமாக வரும் அந்த 'ங்க' மனதில் கிடையவே கிடையாது.

தையல்நாயகிக்கு இதனால் போனது ஓர் அக்கா. இரண்டு வருடத்துக்கு முன்பு தாராபுரத்தில் அக்கா செங்கமலம் புது வீடு கட்டிப் புகுந்தாள். 'வர முடியலீங்க அக்கா' என்று எழுதத்தான் தையல்நாயகி உட்கார்ந்தாள். நினைவெழுதி எழுதியதோ, 'உன் மாமியார் வீட்டுக்காரங்க மூஞ்சியில முழிக்க எனக்கு இஷ்டமில்லை, நீயும் அவங்களை மாதிரியே ஆயிட்டே.' அழைத்து மன்றாடியபோது அக்கா ஒரே வரி கேட்டாள்: "மனசுல இல்லாததா வந்துச்சு?" அதற்குப் பிறகு அழைப்பை எடுப்பதே இல்லை. இப்போது அக்கா மகள் யாழிசைக்கு ஆவணியில் கல்யாணம். ஊர் முழுக்கப் பத்திரிகை போய்விட்டது. தையல்நாயகிக்கு வரவில்லை.

அதனால்தான் அந்த வேலை வந்தபோது அவள் துள்ளிக் குதித்தாள். சென்னியப்பனின் நினைவெழுதி அனுப்பிய உத்தரவு இதுதான்: 'மடல்மேசையில் தாய்மொழி விசைப்பலகை போடணும். சீக்கிரம். ஆமை.'

மடல்மேசை என்பது அவர்கள் நிறுவனம் விற்கும் கடிதச் செயலி. மேசைக்கணினியில் ஓடும். தாய்மொழி என்றால் தமிழ்தானே? பத்தே நாளில் திரையில் தமிழ் விசைகளை வரிசையாக அடுக்கி, விரலால் தொட்டால் எழுத்து விழும்படி செய்து, சென்னியப்பன் முன்னால் வைத்தாள்.

அவர் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனம்மிணி, இது தமிழாட்ட இருக்குது?"

"தமிழேதானுங்க. தாய்மொழின்னுதானுங்க எழுதியிருந்தீங்க."

"அய்யய்யோ. தாய் மொழிங்க! தாய்லாந்து! நடுவுல ஒரு இடைவெளி இருக்குதுங்க."

"எங்கீங்க இருக்குது?"

"நெனைக்கறப்ப இருந்துச்சுங்களே."

நினைப்புக்கு ஏது இடைவெளி. தையல்நாயகி தலையில் அடித்துக்கொண்டாள். விசைப்பலகை கேட்டவர்கள் தாய்லாந்தின் சியாங்மாய் நகரத்து விடுதிக்காரர்கள் சங்கம். அந்த ஊரில் எந்த வாக்கியத்தையும் பெண்கள் 'கா' என்றும் ஆண்கள் 'க்ரப்' என்றும் மரியாதையாக முடிப்பார்களாம். அதையும் யாரும் மனதில் நினைப்பதில்லை. விருந்தினர்களுக்கு எழுதிய பதில்களில் 'கா' காணாமல் போனதோடு, 'எப்போதுதான் கிளம்புவாய்' என்ற உள்ளத்து உண்மையும் சேர்ந்து போகத் தொடங்கியதில் பாதி விடுதிகள் காலி. எங்களுக்குப் பழையபடி விசை வேண்டும், நினைப்புக்கும் எழுத்துக்கும் நடுவில் விரல் என்று ஒன்று இருக்கவேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள்.

சரி என்று தமிழ் விசைகளுக்காக எழுதிய நிரலையே அடியில் வைத்துக்கொண்டு, மேலே தாய் எழுத்துகளை மாற்றினாள். ஒவ்வோர் எழுத்தையும் தமிழில் தட்டுகிற பழக்கத்திலேயே தட்டிப் பார்த்தாள். எல்லாம் சரியாக விழுந்தன. சோதித்துப் பார்க்கச் சங்கத்தின் சார்பில் நியமிக்கப்பட்ட சிரிபோன் என்ற அம்மையாருக்கு அனுப்பினாள். மறுநாளே அவர் புது விசையில் தட்டி அனுப்பிய மடல் தமிழாகி வந்தது. 'மிக நன்று. அழகு. நன்றி, கா.'

"பாத்தீங்களா, பிரமாதங்கறாங்க!" என்றார் சென்னியப்பன்.

ஆனால் ஏற்புச் சான்று வரவில்லை. சங்கத்தில் ஒருவர்கூட அந்த விசையைப் பயன்படுத்தவில்லை. எங்கே குறை என்று கேட்டு எழுதினால், 'அழகு. மிக நன்று, கா.' விசைகளைப் பெரிதாக்கி அனுப்பினாள். 'நன்றி. அழகு.' நிறத்தை மாற்றினாள். 'மிக மிக அழகு.' பொறுக்கமாட்டாமல் ஒருநாள் நேரடியாகவே அழைத்துப் பேசினாள். சிரிபோன் அவள் சாப்பிட்டாளா என்று விசாரித்தார், கோயம்புத்தூரில் மழை உண்டா என்று விசாரித்தார், உங்கள் உழைப்பு நன்றாகத் தெரிகிறது, கா, என்றார். இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தையல்நாயகி மேசையில் தலையை முட்டிக்கொண்டாள்.

"ஒரு நாளைக்கு அந்தம்மாவை நினைவெழுதி மாட்டிக்கிட்டு எழுதச் சொல்லுங்க. என்ன கோளாறுன்னு ஒரே வரியில வந்துரும்," என்றாள் சென்னியப்பனிடம்.

"அது வேண்டாம்னுதானுங்க நம்மகிட்ட வந்திருக்காங்க."

அது உண்மைதான். அதனால் எரிச்சல் இன்னும் ஏறியது. கடைசியில் அவள் ஒரு தந்திரம் செய்தாள். விசையில் தட்டிய ஒவ்வொரு தட்டையும், அழித்தவை உட்பட, ஒரு பதிவாகச் சேர்த்து மடலோடு அனுப்பும்படி நிரலில் நான்கு வரி நுழைத்தாள். மடலின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு எண்கள் வரும்: தட்டியது இவ்வளவு, நின்றது இவ்வளவு. எண்ணைத் தொட்டால் அழித்ததெல்லாம் விரியும். கோளாறு பிடிபடும்வரை இது இருக்கட்டுமா என்று சிரிபோனிடம் முறையாக அனுமதியும் கேட்டாள். 'நன்று' என்று பதில் வந்தது.

அடுத்த மடலைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'மிக அழகு, கா.' அடியில்: தட்டியது 913, நின்றது 12.

எண்ணைத் தொட்டாள். அந்தத் தொள்ளாயிரத்தில் பாதி ஒரே வகை விசை. தமிழ்க் கொம்பைப் போலவே எழுத்துக்கு முன்னால் நிற்கிற தாய்க் கொம்புகள். அம்மையார் கொம்பைத் தட்டுகிறார், காணோம், மறுபடி தட்டுகிறார், காணோம், நடுவரியில் தட்டினால் அது முந்தைய எழுத்தின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது, அழிக்கிறார்.

அப்போதுதான் உறைத்தது. தமிழில் 'கெ' என்று கொம்பு முன்னால் நின்றாலும், தட்டும்போது 'க' முதலில், கொம்பு பிறகு. முதலிலேயே கொம்பைத் தட்டினால் பிழை என்று விழுங்கிவிடும்படி அவளேதான் எழுதிவைத்திருந்தாள். தாய்க்காரர்களோ எழுதுகிறபடியே தட்டுவார்கள்: முன்னால் நிற்கும் கொம்பு முதலில், எழுத்து பிறகு. தமிழச்சி செய்து தந்த விசையில் கொம்பில் தொடங்கும் ஒரு தாய்ச் சொல்லும் விழாது.

அகராதியைத் திறந்து ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பார்த்தாள். 'இல்லை' என்ற சொல் கொம்பில் தொடங்குகிறது. 'ஆனால்' கொம்பில் தொடங்குகிறது. 'கெட்டுவிட்டது', 'கோபம்', ஏன், 'சியாங்மாய்', 'தாய்' என்பதே கொம்பில்தான் தொடங்குகிறது. 'நன்று', 'அழகு', 'நன்றி' மூன்றுக்கும் கொம்பு வேண்டாம். ஒரு மாதமாக அந்த அம்மையார் திட்ட முயன்றிருக்கிறார். அவள் செய்த விசையால் பாராட்ட மட்டும்தான் முடிந்திருக்கிறது. அனுமதி கேட்டபோது வந்த 'நன்று'கூட வேறு வழியில்லாத 'நன்று'தான்.

அன்று மாலையே சரிசெய்து அனுப்பினாள். சிரிபோனின் பதில் உடனே வந்தது: 'இல்லை, இல்லை, இல்லை! ஆனால், ஆனால்! இப்போது வருகிறது, கா. என் விரல்தான் பழகவில்லையோ என்று நினைத்தேன். நீங்கள் அழைத்தபோது உங்கள் வேலையைப் போய் வாய்விட்டு எப்படிக் குறை சொல்வது.' கூடவே ஏற்புச் சான்று. சென்னியப்பன் எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கித் தந்தார்.

அந்தச் சந்தோஷத்தோடு சந்தோஷமாகத் தையல்நாயகி தன் பழைய தமிழ் விசைகளையும் புது நிரலுக்கு மாற்றிக்கொண்டாள். நினைவெழுதியைக் கழற்றி இழுப்பறையில் போட்டாள். இரண்டு நாள் மதிய உணவு வேளை முழுக்க ஒற்றை விரலால் தட்டினாள். கோபம் வந்தது, தட்டினாள், அழித்தாள். அழுகை வந்தது, தட்டினாள், வெட்கமாக இருந்தது, அழித்தாள். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: 'அக்காவுக்கு வணக்கமுங்க. அன்னைக்கு எழுதுனது தப்புங்க. யாழிசை கல்யாணத்துக்கு வரலாமுங்களா?' எத்தனை 'ங்க'! பார்க்கவே மனம் குளிர்ந்தது. அக்காவும் நினைவெழுதி இல்லாமல் பதில் எழுதட்டும் என்று தமிழ் விசையையும் சேர்த்து அனுப்பினாள்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது.

'வாங்க. எங்களுக்கெல்லாம் சந்தோஷமுங்க.'

தையல்நாயகி அதை நான்கு முறை படித்தாள். வரச்சொல்லியாயிற்று, ஆனால் அந்த 'ங்க' உறுத்தியது. பிறந்ததிலிருந்து அக்கா அவளை 'வாடி' என்றும் 'கழுதை' என்றும்தான் அழைத்திருக்கிறாள். தங்கைக்கு யாராவது 'ங்க' போடுவார்களா? சம்பந்தி வீட்டுக்கு எழுதுவதுபோல் எழுதியிருந்தாள். இது கூப்பிடுவதா, வாசலோடு நிறுத்துவதா என்றே புரியவில்லை. மரியாதை வேண்டும் வேண்டும் என்று கேட்டதற்கு நன்றாகவே கிடைத்தது.

அப்போது மடலின் அடியில் அந்தப் பொடி எழுத்து கண்ணில் பட்டது. தட்டியது 1,206. நின்றது 19.

பார்த்துப் பார்த்துப் பழகிய எண்கள். கோளாறு தீர்ந்ததும் எடுத்துவிடவேண்டிய நான்கு வரி. எடுக்கவில்லை. தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தாள்.

படிக்கக்கூடாது என்று ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எண்ணைத் தொட்டாள்.

'மனசுல இல்லாததா வந்துச்சு' என்று தட்டி அழித்திருந்தாள் அக்கா. மறுபடி அதையே தட்டி அழித்திருந்தாள். அப்படி ஆறு முறை. அதற்குக் கீழே: 'என்னமோ நம்பர் இருக்குதேன்னு அமுக்கினேன். நீ அழிச்சதெல்லாம் வந்துச்சு. தப்பு என் மேலயும் இருக்குதா? இருக்குதுதான்.' அழிப்பு. 'தீபாவளிக்குச் சண்டை போட ஆளில்லாம இருக்கேன்னு எழுதி எதுக்குடி அழிச்சே? அந்த ஒரு வரிதான்டி நீ எழுதுனது.' அழிப்பு. 'வந்து தொலைடி கழுதை.' அழிப்பு. 'வா.' அழிப்பு. கடைசியில், 'வாங்க.'

தையல்நாயகிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தன் கடிதத்தின் அடியிலும் அந்த எண் போயிருக்கிறது. இரண்டு நாள் உட்கார்ந்து அழித்ததையெல்லாம் அக்கா படித்திருக்கிறாள். கோபத்தைப் படித்திருக்கிறாள், அதற்குப் பிறகுதான் வரச்சொல்லியிருக்கிறாள். கழுதை என்ற சொல்லை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு எந்தப் புடவை என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

அப்புறம் அவள் கை அப்படியே நின்றது. அந்த நான்கு வரி இன்னோர் இடத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது. சியாங்மாய்.

"ஏனம்மிணி," என்று சென்னியப்பன் தன் மேசையிலிருந்து குரல் கொடுத்தார். "தாய்லாந்து அம்மா மடல் போட்டிருக்காங்க. பதினஞ்சு நாளா அந்த ஊரு விடுதி பூராவும் நம்ம விசையிலதான் விருந்தாளிகளுக்கு எழுதறாங்களாமா."

"வேற என்னங்க எழுதியிருக்காங்க?"

"ஒரே வார்த்தைதானுங்க. 'பரவாயில்லை, கா.' தங்கமான மனுசிங்க." அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு திரைக்கு அருகில் குனிந்தார். "கீழ என்னமோ பொடியா இருக்குதே. தட்டியது 6,400... இதை அமுக்கிப் பாக்கலாமுங்களா?"

மன்னிப்பு மணி அடிக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.