பை மேல் தூங்கிய கடல்சிங்கக் குட்டி

தனக்குக் கால்களே இல்லை என்று நினைத்துக்கொண்டால் வீடு வரை நடந்துவிடலாம் என்று யடிரா பார்த்தாள். கால்கள் சும்மா இருந்தால்தானே! அடிக்கு அடி வலித்து, தாங்கள் இருப்பதை ஞாபகப்படுத்தின.

காலையில் ஐந்தாம் வகுப்பு மொத்தமும் எரிமலைக்குப் போயிருந்தது. போக எட்டு கிலோமீட்டர், வர எட்டு கிலோமீட்டர். மேலே கரிய குழம்பு உறைந்து கிடந்த பெரும் பள்ளம், பாறைப் பிளவுகளில் சூடான காற்று, அங்கங்கே ஒல்லிக் கள்ளிகள். ஒரு சின்னக் குருவி டீச்சரின் தொப்பியில் உட்கார்ந்து கொஞ்ச தூரம் சவாரி செய்தது. வேறு நாளாக இருந்தால் யடிரா சிரித்திருப்பாள். இன்று அந்தக் குருவியைப் பார்த்துப் பொறாமைதான் வந்தது.

படகுத்துறையில் மூன்று பெஞ்சுகள். இரண்டில் கடல்சிங்கங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தன. மூன்றாவது காலி. இசபெலா தீவில் இது பெரிய அதிர்ஷ்டம்.

"அஞ்சே நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டு, பையைக் காலடியில் போட்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான், தூங்கிப்போனாள்.

ஏதோ ஈரமாகக் காலில் பட்டது. கண் விழித்தாள். அவள் பை மேல் ஒரு கடல்சிங்கக் குட்டி சுகமாகப் படுத்திருந்தது. அதன் மூக்கு அவள் காலை ஒட்டியிருந்தது.

யடிராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், தொடவே கூடாது. தீவில் பிறந்த பிள்ளைகளுக்கு இது பேச்சு வரும்போதே சொல்லித் தருவது. குட்டியின் மேல் மனித வாசனை ஒட்டிவிட்டால் அதன் அம்மா சேர்த்துக்கொள்ளாமல் போகலாம். பால் இல்லாமல் குட்டி செத்துப்போகும்.

'நான் தொடலையே, அதுதானே வந்து தொட்டுச்சு!' இதை யாரிடம் போய்ச் சொல்வது?

காலை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு எழுந்தாள். பையை விட்டுவிட்டு இரண்டு மீட்டர் தள்ளி நின்றாள். வீட்டுக்குப் போய்விடலாம்தான். யாரும் பார்க்கவில்லை. ஆனால் இனி வருகிறவர்களும் தடவிவிட்டால்? கெஞ்சிய கால்களைக் கவனிக்காமல் அங்கேயே நின்றாள்.

"ஐ, குட்டி!" ஊர் பார்க்க வந்த சின்னப் பையன் ஒருவன் ஓடி வந்தான்.

"தொடாதே!"

"உன் பை மேல மட்டும் தூங்குது? உனக்குன்னா சரியா?"

"சரியில்லதான். அதோட அம்மா மீன் பிடிக்கப் போயிருக்கு. வந்ததும் மோந்து பாக்கும். நம்ம வாசனை அடிச்சா, தன் பிள்ளை இல்லன்னு விட்டுட்டுப் போயிடும்."

பையன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். "அப்ப உன் வாசனை?"

யடிரா குனிந்து தன் காலைப் பார்த்தாள். "அதான் தெரியல. நான் தூங்கிட்டேன். அது என் கால்ல மூக்கை வச்சிருச்சு."

அவன் கொஞ்சம் யோசித்தான். "நீ இந்தப் பக்கம் நில்லு. நான் அந்தப் பக்கம் நிக்கறேன். என் பேரு ஹெர்னான்."

ஹெர்னான் பலே ஆள். கேமராவோடு வந்தவர்களை எல்லாம் விரட்டினான். "தள்ளுங்க, தள்ளுங்க! ரெண்டு மீட்டர்! அம்மா, உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்!"

வெயில் தாழ்ந்த பிறகு, தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு பெரிய கடல்சிங்கம் படியேறி வந்து கத்தியது. குட்டி தலையைத் தூக்கிப் பதிலுக்குக் கத்தியது.

தாய் முதலில் பையை மோந்தது. பலமாகத் தும்மியது.

"மலை ஏறின வேர்வை எல்லாம் அதுலதான் இருக்கு" என்று முணுமுணுத்தாள் யடிரா. சிரிப்பு வரவில்லை.

பிறகு குட்டியின் மூக்கை மோந்தது. நிறுத்தியது. மறுபடி மோந்தது. யடிரா மூச்சு விடவில்லை.

தொப்பென்று தாய் பை மேலேயே சாய்ந்தது. குட்டி முட்டி முட்டிப் பால் குடிக்க ஆரம்பித்தது.

"சேத்துக்கிச்சா?" ஹெர்னான் கிசுகிசுத்தான்.

"சேத்துக்கிச்சு." யடிராவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பையில் ஒரு வார் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

வீட்டு வாசலில் அம்மா கேட்டாள். "பை எங்கடி?"

"படகுத்துறைலம்மா. அது மேல ரெண்டு பேர் தூங்கறாங்க" என்று சொல்லிவிட்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் யடிரா கட்டிலில் விழுந்தாள்.