கண்ணாடி வண்டிக்கு ஏழு சொடுக்கு

பட்டறை வாசலில் ஒரு வேகத்தடை இருந்தது. வேகத்தைத் தடுக்கத்தான் போட்டார்கள். அதன் உயரத்துக்கு அது மேகத்தையும் தடுத்துக்கொண்டிருந்தது. ஒருவர் சைக்கிளில் புதுச்செருப்போடு அதில் ஏறினாராம், இறங்கும்போது செருப்பு தேய்ந்துபோயிருந்ததாம். பார்த்தவர்கள் சொல்வது, பொய்யாக இருக்காது.

அன்று தூறல். வெள்ளை பிக்கப் ஒன்று அந்த மேட்டில் ஏறியது... எகிறியது... டிரைவர் ஒரு கொட்டாவியைத் தொடங்கி முடிக்கும் நேரம் அந்தரத்தில் நின்றது... பிறகு இறங்கியது. பின்னால் ஏதோ உடைந்தது.

அந்தச் சத்தம் காதுக்காரிக்கு நெஞ்சில் கேட்டது. அவள் பட்டறைக்காரரின் ஒரே மகள். வண்டிக்கு என்ன நோய் என்று காதாலேயே கண்டுபிடிப்பாள் என்பதால் மெக்கானிக்குகள் வைத்த பெயர் அது. ஸ்பானரோடு வெளியே வந்தாள்.

"வண்டி ஓட்டுறீங்களா, தவளை வளர்க்கிறீங்களா?"

டிரைவர் இறங்கிப் பின்னால் போய்ப் படுதாவை விலக்கினான். ஆளுயர நிலைக்கண்ணாடிகள். கடை கடையாகக் கொண்டுபோய் விற்பவன் அவன். உடைந்ததைத் தடவிப் பார்த்தான்.

"எட்டு கண்ணாடி ஏத்திட்டு வந்தேன். இப்ப ஒன்பது இருக்கு. உங்க வாசல் ராசியான வாசல்தான்."

பதில் சொல்ல நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒவ்வொரு கண்ணாடியிலும் அவன் கண்கள்... இமையில் மழைத்துளி, ஓரத்தில் அடக்கிய சிரிப்பு. லாரி டிரைவர்களையே அதட்டி வேலை வாங்கிய பெண் அவள். ஒரு ஜோடி என்றால் சமாளித்திருப்பாள். ஒன்பது ஜோடிக் கண்களை ஒருத்தி எப்படிச் சமாளிப்பது? சட்டென்று குனிந்து வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டாள். வெட்கப்படுவதற்கு அவ்வளவு தோதான இடம் வேறு கிடையாது.

அடியில் பார்த்தால், குலுக்கலை வாங்கிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர் நான்கும் நல்ல சரக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு திருகு, படிக்கொரு முறை 'சொடுக்' என்ற சத்தத்தோடு நகரும். வலப்பக்கம் திருகினால் இறுகும், இடப்பக்கம் திருகினால் இளகும். இவன் நான்கையும் கடைசிவரை இறுக்கி வைத்திருந்தான். இறுகினால்தானே பலம் என்றான். அடியில் படுத்தபடியே அவள் பாடம் நடத்தினாள்: பிக்கப் என்பது காலியாகப் போனால் குதிரை, சுமையோடு போனால் எருமை, சுமையை வைத்துக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும், இடதும் வலதும் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

கண்ணை மூடித் திருகுகளைச் சொடுக்குச் சொடுக்காக இளக்கினாள். அவனை வேகத்தடையில் ஏற்றி இறக்கச் சொல்லி, தான் வண்டியின் பின்தட்டில் ஏறி நின்று கண்ணாடிகளில் கை வைத்து அதிர்வு பார்த்தாள். முன்னால் ஐந்து சொடுக்கு, பின்னால் ஏழு. அந்த அளவில் வண்டி மேட்டைக் கடந்தபோது கண்ணாடியில் தெரிந்த அவள் முகம்கூட அசையவில்லை.

பட்டறையின் ஒரு மூலையில் நடக்கும் இந்த ஷாக் அப்சார்பர் வேலை அவள் கைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதுவரை அது அத்தை மகனிடம் இருந்தது. தலைவலிக்கும் சுத்தியலால்தான் வைத்தியம் பார்ப்பான். இரண்டு வருடம் கெஞ்சிய பிறகு அப்பா இறங்கிவந்தார். ஒரே நிபந்தனை: அளவு வைத்து அனுப்பிய வண்டி அதே குறையோடு திரும்பி வரக் கூடாது.

அடுத்த வாரமே கண்ணாடி வண்டி திரும்பி வந்தது. பின்னால் ஆடுகிறது என்றான். இடது பின்பக்கத் திருகு இரண்டு சொடுக்கு இறுகியிருந்தது. சரிசெய்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தான். அதே திருகு.

மூன்றாவது தடவை அவளுக்கு விஷயம் புரிந்தது. மழைக்காலச் சேறு வண்டியின் அடிப்பக்கம் முழுக்க அப்பியிருந்தது. இடது பின்பக்கத் திருகு மட்டும் பளிச்சென்று இருந்தது. திருகு தானாகச் சுற்றிக்கொள்ளலாம். தானாக முகம் கழுவிக்கொள்ளுமா?

அவள் ஒரு விரல் சேற்றை எடுத்து அந்தத் திருகில் பூசினாள். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. கேட்டுவிட்டால்... அடுத்த வாரம் வரமாட்டானே.

அவள் அடியில் வேலை செய்ய, அவன் பக்கத்தில் குந்தியபடி கதை அளப்பான். கண்ணாடி வாங்கிய ஒருவர், உள்ளே தெரிகிற முகம் சரியில்லை, வேறு மாற்றிக் கொடு என்று சண்டைக்கு வந்ததைச் சொன்னான். அவள் அடியில் சிரித்த சிரிப்பில் வண்டி குலுங்க, என்ஜின் ஓடுகிறதென்று நினைத்து ஒரு மெக்கானிக் சாவியைத் திருப்பி அணைக்க வந்தார்.

ஐந்தாவது தடவை பட்டறைக்காரர் மகளின் மூலைக்கு வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"ஒரே வண்டி அஞ்சு தடவை வந்தாச்சும்மா. ஆறாவது தடவை வந்தா, மூலையை உன் அத்தை மகன்கிட்ட குடுத்துட்டு நீ பில் போட உக்காந்துடு."

அத்தை மகன் சுத்தியல் மாட்ட அப்போதே ஆணி அடிக்கத் தொடங்கிவிட்டான்.

அவளுக்குக் கோபம் வந்தது. அவன் மேல் பாதி, தன் மேல் பாதி. கிளம்பிய வண்டியை மழையில் ஓடிப்போய் நிறுத்தினாள்.

"இனிமே அந்தத் திருகைத் தொடாதீங்க."

"எந்தத்..."

"இடது பக்கம், பின்னாடி. உங்க விளையாட்டுல என் வேலை போகப் போகுது."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பெல்லாம் வடிந்துபோயிற்று. ஏதோ சொல்ல வாயெடுத்தான். பேசவேண்டாம், போங்கள் என்றாள். வண்டி வேகத்தடையைச் சத்தமே இல்லாமல் கடந்து போயிற்று. தன் கைவேலையை நினைத்து அவள் முதல்முறையாக வருத்தப்பட்டாள்.

அடுத்த வாரம் அவன் வரவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். மத்தியானத்துக்குள் பதினொரு தடவை அப்படி நினைத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த வாரம், காலையிலேயே, வெள்ளை பிக்கப் உள்ளே வந்தது. "ஆறு" என்று யாரோ எண்ணினார்கள். அத்தை மகன் சுத்தியலை எடுத்துக்கொண்டான். இவ்வளவு சொல்லியுமா...

அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் பட்டறைக்காரர் முன்னால் போய் நின்றான். வண்டியில் குறை எதுவும் இல்லை, முதல் நாள் வைத்த அளவே சரியான அளவு, அதன் பிறகு ஒரு கண்ணாடிகூடக் கீறியதில்லை என்றான். சரக்கை இறக்கிவிட்டு வரும் வழியில், தெருமுனையில் வண்டியை நிறுத்தி, வாராவாரம் திருகை இறுக்கியவன் தான்தான் என்றான்.

"எதுக்கு?" என்றார் பட்டறைக்காரர்.

"எல்லாம் சரியா இருந்தா திரும்பி வர எனக்கு ஒரு காரணம் இல்லையேங்க... உண்மையான காரணத்தைச் சொல்லத் தைரியம் வரல."

பட்டறைக்காரர் தீர்ப்பு சொன்னார்: மூலை மகளுக்குத்தான். பொய் சொல்லி உள்ளே வந்த வண்டி இனி இந்த வாசலில் ஏறக் கூடாது. அவன் தலையாட்டினான். நனைந்த சட்டையோடு வண்டியை நோக்கி நடந்தான்.

அவள் வேலை பத்திரம். சும்மா இருந்தால் போதும். ஆனால் அவன் தன் பொய்யை மட்டும் சுமந்துகொண்டு போகவில்லை. அவளுடைய மூன்று வார மௌனத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போகிறான்...

"அப்பா."

அவன் நின்றான்.

"மூணாவது தடவையே எனக்குத் தெரியும். திருகுல சேத்தைப் பூசி மறைச்சது நான்தான்." கையிலிருந்த ஸ்பானரை அப்பாவிடம் நீட்டினாள். "சொல்லியிருந்தா... அடுத்த வாரம் வந்திருக்க மாட்டாரு. மூலையை வேணும்னா எடுத்துக்கோங்க."

தகரக் கூரையில் மழை கொட்டியது. பட்டறைக்காரர் மகளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், சுத்தியலோடு ஆவலாக நின்ற அத்தை மகனையும் பார்த்தார்.

"வேலையில ஒரு குத்தமும் இல்ல. மூலை உன்னோடதுதான். உங்க ரெண்டு பேருக்கும் புத்திதான் இல்ல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பையும் சேர்த்துத் துடைத்திருக்கலாம். "வண்டி ஏறக் கூடாதுன்னு சொன்னேன். ஆள் நடந்து வரக் கூடாதுன்னு சொல்லலையே."

அவன் வண்டியை வெளியே கொண்டுபோய் நிறுத்தினான். மழைக்கு ஒதுங்கக்கூடத் தோன்றாமல் நாற்பதடி நடந்து வந்து அவள் முன்னால் நின்றான். கண்ணாடியே இல்லாமல், ஒரே ஒரு ஜோடிக் கண்கள்... அதையும் அவளால் சமாளிக்க முடியவில்லை.

"எதுக்கு வந்தீங்க?" என்றாள், தரையைப் பார்த்து.

"உங்களைப் பாக்கத்தான்" என்றான்.