பனியில் தோண்டிய எண்

"அக்கா, கேக்குதா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

வாக்கிடாக்கியில் முபாரக்கின் குரல் கேட்டது. பதில் சொல்ல ஸ்டெல்லா நான்காவது முறையாகப் பொத்தானை அழுத்திக் கத்தினாள். வாக்கிடாக்கி வரும் குரலை வாங்கியது, போகும் குரலை அனுப்பவில்லை. குளிரில் பொத்தான் விறைத்துப்போயிருந்தது. பதினாலாயிரம் அடி உயரத்தில், வெள்ளையைத் தவிர வேறொன்றும் இல்லாத இமயப் பள்ளத்தாக்கில் அவள் ஒற்றை ஆள். வழிகாட்டி நோர்புவுக்கு நேற்றுக் கால் பிசகிவிட்டது. அவருடைய மகன் அவரைக் கீழே இறக்கிக்கொண்டு போய்விட்டான். "ஒரு நாள்தானே, சமாளிச்சிருவேன்" என்று வாய்வீரம் பேசியவள் இவள்தான்.

முபாரக், மேலப்பாளையத்துக்காரன், பனி அளக்கும் விமானத்தில் வந்துகொண்டிருந்தான். அந்த விமானம் லேசரை வீசிப் பனியின் ஆழத்தை அளந்துவிடும். உருகினால் எவ்வளவு தண்ணீர் என்பது அதற்குத் தெரியாது. அதற்கு ஒருவர் தரையில் குழி தோண்டி, பனியை அள்ளி, நிறுத்துப் பார்க்க வேண்டும். காலையில் ஸ்டெல்லா நிறுத்தாள். போன வருடம் நூறு லிட்டர் பனிக்கு முப்பது லிட்டர் தண்ணீர். இந்த வருடம் நாற்பத்தாறு!

கீழே அணை முக்கால்வாசி நிரம்பிக் கிடக்கிறது. மாலை ஐந்து மணிக்குள் புது எண் போகாவிட்டால், பழைய முப்பதை நம்பி மதகை மூடியே வைப்பார்கள். வெயில் ஏறிப் பனி உருகினால் கரையோர ஏழு கிராமங்கள் தாங்காது.

விமானம் தலைக்கு மேல் வந்தது. ஆரஞ்சு நிறத் தார்ப்பாயை விரித்து ஆட்டினாள். அது பாட்டுக்குப் போயிற்று.

"ரெண்டு மணி நேரத்துல இதே வழியாத் திரும்புவோம்க்கா. உங்க சத்தத்தையே காணோமே. பழைய எண்ணையே போட்டுரட்டா?"

"போட்டுராத தம்பி" என்றாள், கேட்காது என்று தெரிந்தும்.

இரைச்சல் தேய்ந்து அடங்கியது. தன் மூச்சுச் சத்தம் மட்டும் காதில் விழுந்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கொஞ்ச நேரம் அழுதாள். தார்ப்பாயை மடிக்கும்போதுதான் உறைத்தது. லேசர் நிறத்தையா பார்க்கிறது? மேடு பள்ளத்தைத்தானே பார்க்கிறது!

மண்வாரியை எடுத்தாள். பனியில் எட்டுத் தப்படி நீளத்துக்கு ஒரு நான்கு தோண்டினாள். அதன் பக்கத்தில் ஆறு. முழங்கால் ஆழம். பத்து முறை வாரினால் ஐந்து முறை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. ஆறின் வளைவை முடித்தபோது கை மரத்துப்போய், மண்வாரி தானாக நழுவி விழுந்தது. விமானம் வந்தபோது அவள் எண்ணுக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றாள்.

"அக்கா, திரையில என்னமோ பள்ளமா வருது. நாலு... ஆறு. நாப்பத்தாறா?"

"ஆமா" என்றாள் செத்த பொத்தானிடம்.

"நாப்பத்தாறுன்னே அணைக்குச் சொல்லுதேன்."

அன்று ஐந்து மணிக்கு மதகு திறந்தது. அது அவளுக்குத் தெரிய மறுநாள் மதியம் நோர்புவின் மகன் வர வேண்டியிருந்தது. அதுவரை தன்னோடு தானே பேசிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் வெள்ளம் வந்து, காலியான அணைக்குள் அடங்கியது. ஏழு கிராமங்களிலும் ஒரு வாசல்கூட நனையவில்லை. முகாமில் முபாரக் லேசர் எடுத்த வரைபடத்தைக் காட்டினான். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி இருந்தது.

"கம்ப்யூட்டர் இத அஞ்சடிப் பனின்னு எடுத்துக்கிட்டுக்கா. அது நீங்கதான். அழிக்கணும், இல்லன்னா தண்ணிக் கணக்கு கூடிரும்."

ஸ்டெல்லா அந்தப் புள்ளியை வெகுநேரம் பார்த்தாள். யார் கண்ணிலும் படாமல் நின்றதாக அல்லவா நினைத்திருந்தாள்?

"கணக்குல அழிச்சிரு. ஆனா மொதல்ல எனக்கு ஒரு பிரிண்ட் எடுத்துக் குடு."