ஒத்துக்காத சொல்

காலையில் பசியறி எனக்குக் கேழ்வரகு தோசை வைத்தது, தங்கை ஜெனிட்டாவுக்குப் பரோட்டா. இரண்டு வருடமாக இப்படித்தான். அப்போது ஒருநாள் வயிற்றுவலியில், "கோதுமை ஒத்துக்கல" என்று முனகினேன். எங்கள் தூத்துக்குடி அடுக்ககத்தில் எல்லார் வீட்டுச் சுவரிலும் பசியறி என்ற சமையல் எந்திரம் உண்டு. 'ஒத்துக்கல' என்ற சொல் காதில் விழுந்தால் அந்த உணவை அது மறுபடி தராது. வலியும் போய்விட்டது.

மாலை வகுப்பில் குடல் பாடம் நடந்தபோதுதான் சந்தேகம் வந்தது. சீலியாக் என்றால், கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும் உடம்பே தன் குடலை அரிக்கும், குடும்பத்தில் தொடரும். குளூட்டன் கூச்சம் என்றால் அந்த அரிப்பு இல்லை, வலியோடு சரி. ஜெனிட்டாவுக்கு வலியே இல்லை. ஆனால் பதினாறு வயதில் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது; எத்தனை இரும்பு மாத்திரை தின்றும் ரத்தசோகை தீரவில்லை. அரித்த குடலில் இரும்பு சேராது. வலி இல்லாதவர்களுக்குச் சீலியாக் பரிசோதனை கிடையாது என்பது சட்டம். வீட்டில் ஒருவருக்கு உறுதியானால் உண்டு.

அந்த ஒருவன் நானாக இருக்கலாம். ஆனால் போய்ப் பரிசோதித்தபோது என் ரத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கோதுமையே தொடலியே தம்பி, ரத்தம் எதப் பாத்து சாட்சி சொல்லும்?" என்றார் டாக்டர் பெலிசிட்டா. "ஆறு வாரம் தெனமும் சாப்பிட்டுட்டு வாங்க."

"அப்பவும் தெரியலன்னா?"

"கூச்சமா இருக்கலாம். அதுக்குன்னு தனி டெஸ்ட் இல்ல."

வீண் வேதனையாகிவிடுமோ? வீடு வந்து சுவரைப் பார்த்து, "கோதுமை ஒத்துக்கும்" என்றேன்.

"உறுதியா?" என்றது பசியறி.

எனக்கு எதுதான் உறுதி? "உறுதி" என்றேன்.

தினமும் பரோட்டா தின்று, வயிற்றைப் பிடித்துச் சுருண்டேன். "பரோட்டாவுக்கு அழுவுறவன ஒலகத்துலயே ஒன்னத்தாம்ண்ணே பாக்கேன்," என்று சிரித்தாள் ஜெனிட்டா.

ஆறு வாரம் கழித்து ரத்தம் ஒத்துக்கொண்டது. குடலில் எடுத்த துணுக்கும் சொன்னது: சீலியாக். ஜெனிட்டாவுக்கும் பரிசோதனை எழுதினார் டாக்டர்.

எனக்கு மறுபடி தோசை வந்தது. விஷயத்தைக் கேட்டதும் ஜெனிட்டா தன் தட்டைத் தள்ளினாள். "இத்தன நாளா எங் கொடலயும் அரிச்சிருக்கா? எனக்கும் இது ஒத்துக்—"

அவள் வாயைப் பொத்தினேன். சுவரில் பசியறியின் விளக்கு விழித்துக்கொண்டது.

"அந்த வார்த்தைய சொல்லாத," என்று காதில் கிசுகிசுத்தேன். "ரத்தம், கொடல் ரெண்டும் பாத்து முடியிற வரைக்கும் தின்னு. நிறுத்திட்டா ஒண்ணும் தெரியாது."

கையை எடுத்தேன். முறைத்தாள். பிறகு தட்டை இழுத்து ஒரு துண்டு பிய்த்தாள்.

"சால்னாவையாவது ஊத்தித் தொல," என்றாள்.

ஊற்றினேன்.