வெடிப்பை அடைத்த பின்

எழுதிப் பழகாத கை இது. கற்றறிந்தோர் முன் இதனை வைக்கத் துணிந்தமைக்காக முதலில் பொறுத்தருளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

நீர்வேலிக் கிராமத்தில் சுதாகரன் புதிதாக வாங்கிய வீட்டில், ஒரு பின்னேரம், மேசையிலிருந்த தேநீர் தானாக நடுங்கியது. கோப்பையின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்லிய வளையங்கள் கூடின. காற்றில்லை; வீதியில் வாகனமில்லை; வாழைகளின் ஈரமணம் மட்டும் யன்னலில் தேங்கி நிற்க, பாதங்களுக்குக் கீழே, மிக ஆழத்தில், யாரோ கதவைத் தட்டுவதுபோல் மெத்தென்ற ஓர் அதிர்வு.

சுதாகரன் பொறியியலாளன். பயப்படுவது படிக்காதவர்களின் வேலை என்று நம்பியவன். எங்கோ கிணற்றுக்கு வெடி வைக்கிறார்கள் என்று, ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவி கஜானிக்கு வகுப்பெடுத்தான். அதிர்வு சுண்ணாம்புக் கல்லினூடே அலையாக ஓடும்; பாறையில் திறந்த வெடிப்பைச் சந்தித்தால் கடக்க வழியின்றித் திரும்பிவிடும். வீட்டைச் சுற்றிய வளவின் பின்புறம் நீண்டு கிடக்கும் வெடிப்பே இந்த வீட்டுக்குக் காவல் என்றும் சொன்னான்.

அதே வெடிப்பின் ஓரத்தில்தான் பக்கத்து வளவு நமசிவாயம் வெள்ளிதோறும் வந்து விளக்கு வைத்தார். தோட்டத்தின் முதல் வாழைக்குலையில் ஒரு சீப்பை உள்ளே இறக்குவார். வெடிப்பின்மேல் ஒரு கல்லையும் வைக்க விடமாட்டார். அது திறந்திருக்கும்வரை கீழே உள்ளது அப்பாலேயே நிற்கும் என்பது அவர் நம்பிக்கை. சுதாகரனுக்கு அருவருத்தது. நல்ல பழத்தைக் குழியில் எறியும் மூடர்கள். சாதாரண தரப் பரீட்சையும் தாண்டாத மண்டைகள். ஒவ்வொரு விளக்கும் தன் பட்டத்தின்மேல் துப்புவதாகவே அவனுக்குப் பட்டது.

ஆகவே ஆட்களைப் பிடித்து, வெடிப்பைச் சீமெந்துக் கலவையால் நிரப்பச் சொன்னான்.

"அலை வெடிப்பைத் தாண்டாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். பிறகேனப்பா அதை அடைக்கிறியள்?" என்றாள் கஜானி.

"உவங்கடை விளக்குக்காக நான் என்ரை வளவைத் திறந்து வைக்கிறதோ? உமக்கு உது விளங்காது."

மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார் நமசிவாயம். "தம்பி படிச்ச ஆள். நாங்கள் என்னத்தைச் சொல்லுறது," என்றார். அந்தப் பணிவுக்குள் கிடந்த ஏளனத்தைச் சுதாகரன் கண்டுகொண்டான். இன்னும் தடிப்பாக ஊற்றுங்கள் என்று ஆட்களை அதட்டினான்.

கலவை இறுகியது. தட்டல் தெளிந்தது. முன்பு ஆழத்திலேயே கரைந்த ஒலி, இப்போது கல்லிலிருந்து கலவைக்கும் கலவையிலிருந்து அத்திவாரத்துக்கும் ஏறி, சுவரின் பூச்சைப் பொடியாக உதிர்த்து, கட்டிற் காலினூடே முதுகெலும்புக்குள் நுழைந்தது. ஈரக் கல்லின் மணம் அறைகளில் குடியேறியது. கிணற்றுநீர் பாலாய்க் கலங்கியது. வெடிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கண்ட நேரத்தில் வெடிக்கிற காட்டுமிராண்டிகள்.

ஆனால் வெடி, இரண்டு முறை தட்டிவிட்டுக் காத்திருப்பதில்லை.

இது காத்திருந்தது.

பொழுதுபடும் வேளையில் அடுப்பெரியாத குசினிக்குள் போனான். கஜானி வெறுங்காலோடு, அசையாமல், தரையைப் பார்த்தபடி நின்றாள். கீழே இரண்டு தட்டு. அமைதி. அவளுடைய சட்டையின் கீழ் வயிறு இரண்டு முறை துள்ளியது.

"கதைக்குதப்பா," என்றாள் மெதுவாக. "கேட்டதுக்குப் பிள்ளை மறுமொழி சொல்லுது."

அவளைத் தரையிலிருந்து தூக்க முயன்றான். முடியவில்லை. அவள் பாதங்கள் எழவில்லை. வயிற்றில் கை வைத்தான்.

குளிர். கல்லின் குளிர்.

உள்ளிருந்து, அவன் உள்ளங்கையை நோக்கி, இரண்டு தட்டு. தரையிலிருந்து இரண்டு. மீண்டும் உள்ளிருந்து. மீண்டும் தரையிலிருந்து. இடைவெளி குறைந்தது. இன்னும் குறைந்தது. பிறகு, இரண்டும் ஒன்றாக. கஜானி சிரித்தபடி நின்றாள்.

வெடிப்பை அடைத்த பின் இழந்தவை: குடிநீர்க் கிணறு ஒன்று. அத்திவாரம் பிளந்த வீடு ஒன்று. பெயரிடப்படாத பெண் குழந்தை ஒன்று. கஜானியின் பேச்சு.